கரையில் கிடக்கும் ஆப்பு மட்டி எந்தக் குடும்பம்? நீங்களே கண்டுபிடிக்கும் வழி

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் மணல்கரை எங்கே இருந்தாலும் சரி, அலை ஏறி இறங்குகிற ஈரப்பட்டையில் முக்கோணமாகச் சின்னச் சின்ன மட்டி ஓடுகள் கிடக்கும். ஒரு அங்குலம் இருந்தாலே பெரிது. வெள்ளை, ஊதா, பழுப்பு, ரோஸ், கதிர்க்கோடு போட்டது, போடாதது என்று எல்லா நிறத்திலும் இருக்கும். இதைப் படம் எடுத்துப் போட்டு "இது என்ன சிப்பி?" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், பெரும்பாலும் நிறத்தை வைத்தே சொல்வார்கள். மட்டியில் நிறம் ஒன்றுக்கும் உதவாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே சிற்றினத்தில், ஒரே கரையில், ஒரே கைப்பிடி மணலில் ஐந்தாறு நிறம் வரும். குடும்பத்தைத் தீர்மானிப்பது ஓட்டின் உட்பக்கம்தான்: கீலில் உள்ள பற்கள், நார் இருக்கும் இடம், தசை ஒட்டியிருந்த தழும்பு.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது டோனாசிடே குடும்பம். ஆப்பு வடிவத்தில் இருக்கும் மட்டிகள். உலகத்தில் வெப்பமான, மிதவெப்பமான மணல்கரைகளில் அலை உடைகிற இடத்தில் வாழ்கிற மட்டி என்றால் முதலில் தேட வேண்டியது இந்தக் குடும்பத்தைத்தான், அதனால் வகைப்பாடு பழகுகிறவர்களுக்கு இது நல்ல தொடக்கம். படகு வேண்டாம், மூழ்க வேண்டாம், முழங்கால் நனைந்தால் போதும்.

எதைப் பொறுக்குவது, எதை விடுவது

செத்த ஓடுகளை மட்டும் எடுங்கள். இரண்டு ஓடும் கீலில் ஒட்டியபடி விரிந்து கிடப்பது கிடைத்தால் அதுதான் பொக்கிஷம், ஏனென்றால் கீல் நார் அப்படியே இருக்கும். உயிரோடு இருக்கும்போது மட்டி இரண்டு மூடுதசைகளை இறுக்கி ஓட்டைச் சாத்தி வைத்திருக்கிறது. நார் எப்போதும் ஓட்டைத் திறக்கவே பார்க்கும். உயிர் போனதும் தசை தளர, நார் ஜெயித்துவிடும், ஓடு வாய் பிளக்கும். சமைக்கும்போது கொதிநீரில் மட்டி திறப்பதும் இதே கணக்குதான்.

மணலில் உருண்டு உருண்டு பளபளப்பாகத் தேய்ந்துபோன ஓட்டை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். அதில் பல்லும் தெரியாது, தழும்பும் தெரியாது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளில், அதாவது 1986 இல் அறிவிக்கப்பட்ட அந்த 21 தீவுப் பகுதியில், செத்த ஓடு என்றாலும் கை வைக்காதீர்கள், படம் மட்டும் எடுங்கள்.

தேவையான சாமான் ரொம்பக் கொஞ்சம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் போட்ட ஸ்கேல் (வெர்னியர் காலிப்பர் இருந்தால் இன்னும் நல்லது), பழைய டூத்பிரஷ், பென்சில், சின்ன ஜிப் பைகள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம். ஓடு சுண்ணாம்புதான், ஆசிட் பட்டால் நீங்கள் பார்க்க வேண்டிய நுண்ணிய பல்லும் கோடும்தான் முதலில் கரையும். ஓட்டின்மேல் மெல்லிய பழுப்புத் தோல் ஒட்டியிருந்தால் அதையும் விட்டுவையுங்கள், அதுவும் அடையாளம்தான்.

முன்பக்கம் எது, பின்பக்கம் எது

இந்த வேலையில் எல்லாமே இதில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஓட்டின் மேலே, வளர்ச்சி தொடங்கிய கூரான இடம் உச்சி. அதற்குக் கீழே உட்பக்கம் கீல். உச்சியை ஒட்டி ஒரு பக்கத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் கெட்டியான ஒரு துண்டு இருக்கும், ரப்பர் மாதிரி இழுபடும், காய்ந்தால் நொறுங்கும். அது கீல் நார். இந்த வகை மட்டிகளில் நார் உச்சிக்குப் பின்னால்தான் இருக்கும். ஆக, நார் இருக்கிற பக்கம் பின்பக்கம். முடிந்தது.

நார் போய்விட்டதா? உட்பக்கத்தைப் பாருங்கள். மட்டியின் உடலை மூடியிருக்கும் மெல்லிய சதைப்போர்வைக்கு மேன்டில் என்று பெயர். அது ஓட்டோடு ஒட்டியிருந்த இடம் கீழ்விளிம்புக்குச் சற்று மேலே ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு ஒரு பக்கத்தில் நேராகப் போகாமல் உள்நோக்கிக் குடைந்துகொண்டு போகும். அதை மேன்டில் குடைவு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் உறிஞ்சும் குழல்களை மட்டி உள்ளே இழுத்துக்கொள்வதற்கான இடம் அது. குழல்கள் எப்போதும் பின்பக்கம், எனவே குடைவு இருப்பதும் பின்பக்கம். குடைவு ஆழமாக இருந்தால் குழல் நீளம், குழல் நீளமாக இருந்தால் அது மணலுக்குள் புதைந்து வாழ்கிற ஜீவன் என்று செத்த ஓட்டை வைத்தே சொல்லிவிடலாம். வெளிச்சத்தில் ஓட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள், நேராகப் பிடித்தால் தெரியாது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். நாம் பார்க்கிற பெரும்பாலான மட்டிகளில் உச்சி முன்பக்கமாகத் தள்ளியிருக்கும், பின்பக்கம் நீளமாக இருக்கும். டோனாசிடே குடும்பத்தில் இது தலைகீழ். முன்பக்கம் நீளம், பின்பக்கம் சட்டென்று வெட்டியது போலக் குட்டை. நாரும் குடைவும் அந்தக் குட்டைப் பக்கத்தில் இருக்கும். கையில் இருக்கும் ஓட்டில் நாரும் குட்டைப் பக்கமும் ஒரே திசையில் இருந்தால் டோனாசிடே என்று சந்தேகப்படத் தொடங்கலாம். சந்தேகம்தான், முடிவு இன்னும் இல்லை.

இடது ஓடா வலது ஓடா என்பதும் இதோடு தெரிந்துவிடும்: உச்சி மேலே, முன்பக்கம் உங்களைவிட்டு விலகி எதிரே பார்க்கிற மாதிரி பிடித்தால், உங்கள் வலக்கைப் பக்கம் வருவது வலது ஓடு. குறிப்பில் இதை எழுத மறக்காதீர்கள், ஏனென்றால் பற்கள் இரண்டு ஓட்டிலும் ஒரே மாதிரி இருக்காது.

போலிகளைக் கழிப்பது

முதல் போலி, நம்மூர்க் கழிமுகங்களில் ஏராளமாகக் கிடைக்கும் மெரெட்ரிக்ஸ் மட்டி. மட்டிக் குழம்பு என்றால் பல ஊர்களில் இதுதான். இது வெனரிடே குடும்பம். இதுவும் முக்கோணம்தான், இதுவும் வழவழப்புதான், வெளியிலிருந்து பார்த்தால் ஏமாறலாம். உள்ளே திருப்பினால் உச்சிக்கு நேர்கீழே மூன்று நடுப்பற்கள் இருக்கும். டோனாசிடேவில் ஒவ்வொரு ஓட்டிலும் இரண்டே இரண்டு நடுப்பற்கள், அவற்றுக்கு இரு பக்கமும் தள்ளிப் பக்கப்பற்கள். இது ஒன்று போதும். கூடவே, மெரெட்ரிக்ஸில் குடைவு மிகவும் சின்னது, வெறும் ஒரு மடிப்பு. டோனாக்ஸில் (டோனாசிடே குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த பேரினம் இது) நன்றாக உள்ளே போகும்.

இரண்டாவது மாக்ட்ரிடே. மெல்லிய, உப்பிய ஓடுகள். இவற்றில் நாரின் முக்கிய பாகம் வெளியே இல்லை, கீலின் நடுவில் ஒரு முக்கோணக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். செத்த ஓட்டில் குழி மட்டும் தெளிவாகத் தெரியும். குழி இருந்தால் டோனாசிடே இல்லை.

மூன்றாவதுதான் உண்மையான சோதனை. மீசோடெஸ்மாடிடே என்றொரு குடும்பம், அதில் அடாக்டோடியா என்ற பேரினம் இந்தியப் பெருங்கடல் மணல்கரைகளில் உண்டு. அதுவும் ஆப்பு வடிவம், அதுவும் அலையடிக்கிற மணலிலேயே வாழ்கிறது, அதற்கும் பின்பக்கம்தான் குட்டை! ஒரே மாதிரி இடத்தில் ஒரே மாதிரி பிழைப்பு நடத்துகிற இரண்டு வேறு வம்சங்கள் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. வடிவத்தை நம்பி வகைப்படுத்துகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிரிப்பது எப்படி? மறுபடியும் நார். அடாக்டோடியாவில் நார் கீலுக்கு உள்ளே குழியில். டோனாக்ஸில் நார் வெளியே, குட்டையாக, ஓட்டை மூடி வைத்தாலும் வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி.

டெல்லினிடே குடும்பம் டோனாசிடேவுக்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் டெல்லினாய்டியா என்ற ஒரே பெருங்குடும்பத்தில் வருகின்றன. டெல்லின் ஓடு தட்டையாக, மெல்லிசாக இருக்கும், பின்முனை பல நேரம் ஒரு பக்கமாக லேசாக முறுக்கிக்கொண்டிருக்கும். டோனாக்ஸ் அந்த அளவுக்கு மெல்லிசு இல்லை, அலை அடியைத் தாங்குகிற கனம் உண்டு, முறுக்கும் கிடையாது. இந்தப் பெருங்குடும்பம் முழுவதற்கும் பொதுவான ஒரு அடையாளமும் இருக்கிறது: குழல்களின் அடியில் சிலுவை மாதிரி குறுக்கே போகும் ஒரு சின்னத் தசை. அதன் தழும்பு, மேன்டில் குடைவு கோட்டோடு சேர்கிற மூலையில் இரண்டு சின்னப் புள்ளியாக விழும். புது ஓட்டில், லென்ஸில், நல்ல வெயிலில் பார்த்தால் தெரியலாம். தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம், பல ஓடுகளில் அது தெரியாது.

கீல் நெடுகச் சின்னச் சின்னப் பல்வரிசை இருந்தால் அது ஆர்சிடே, அதாவது ரத்த மட்டியின் கூட்டம். இதைப் போய் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

கீழ்விளிம்பின் உட்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். டோனாக்ஸில் பல சிற்றினங்களுக்கு விளிம்பு ரம்பம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். சிலவற்றில் வழவழப்பு. அதனால் சொரசொரப்பு இருந்தால் கூடுதல் சான்று, இல்லாவிட்டால் அதை வைத்துத் தள்ளிவிடக் கூடாது.

நம் கரையில் எந்தெந்தச் சிற்றினம்

குடும்பம் உறுதியானதும் அடுத்து சிற்றினம். இங்கே கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும், ஒரே ஒரு ஓட்டை வைத்து எல்லா நேரமும் சிற்றினம் வரை போக முடியாது.

மிகச் சுலபமானது ஹெக்குபா ஸ்கார்ட்டம். பழைய நூல்களில் டோனாக்ஸ் ஸ்கார்ட்டம் என்றே இருக்கும். இந்தக் குடும்பத்தில் பெரிய ஆள், கனமான ஓடு. உச்சியிலிருந்து பின்முனைக்குக் கத்தி முனை மாதிரி ஒரு விளிம்பு இறங்கும், பின்முனை கூராக நீட்டிக்கொண்டிருக்கும், வெளியே வளைய வளையமாகத் தகட்டு வரிகள், உள்ளே ஊதா. ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

டோனாக்ஸ் கியூனியேட்டஸ், டோனாக்ஸ் ஃபாபா இரண்டும்தான் நம் கிழக்குக் கரையில் அடிக்கடி கையில் சிக்குகிறவை, குழப்புகிறவையும்கூட. கியூனியேட்டஸ் சற்றுப் பெரிதாக வளரும், பின்சரிவு, அதாவது உச்சியிலிருந்து பின்முனைக்கு இறங்கும் பகுதி, மடிந்து கோணமாகத் தெரியும், அந்தச் சரிவில் வரிகள் விரலுக்கே தட்டுப்படும். ஃபாபா சின்னது, முட்டை வடிவத்துக்கு நெருக்கம், நிறத்தில் எந்த ஒழுங்கும் இல்லாதது. ஒரு ஓட்டை வைத்துச் சண்டை போடாமல், ஒரே இடத்தில் கிடைத்த ஓடுகளைச் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையாக அடுக்குங்கள். நீளம், உயரம், பருமன் மூன்றையும் அளந்து, உயரத்தை நீளத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டு கூட்டமாகப் பிரிந்தால் இரண்டு சிற்றினமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒரே தொடர்ச்சியாக வந்தால் நீங்கள் வேறு வேறு என்று நினைத்தது ஒன்றின் சிறுசும் பெருசுமாக இருக்கலாம்.

மேற்குக் கரைப் பக்கம் போனால் டோனாக்ஸ் இன்கார்னேட்டஸ், டோனாக்ஸ் ஸ்பிகுலம் இரண்டும் உண்டு. கேரளத்தில் சேர்த்தலைப் பக்கத்து மணல்கரையில் இவை எப்படி வாழ்கின்றன என்று விரிவான ஆய்வு 1972 இல் வெளிவந்தது. நம் பக்கத்தில் மண்டபம் கரைதான் இந்த விஷயத்தில் மூத்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 இல் தொடங்கி, கொச்சிக்கு மாறும்வரை நெடுங்காலம் மண்டபத்தில் இருந்தது. கியூனியேட்டஸின் வளர்ச்சி பற்றி 1955 இலும், மண்டபம் கரையின் ஃபாபா பற்றி 1966 இலும் அங்கே இருந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதாவது உங்கள் காலடியில் மிதிபடுகிற இந்தக் குட்டி ஓட்டுக்குப் பின்னால் எழுபது வருட உள்ளூர் ஆராய்ச்சி இருக்கிறது. தேடிப் படியுங்கள், அந்த ஆய்விதழ்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன.

உயிரோடு பார்ப்பது

ஓட்டைப் பார்த்தது பாதிதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும், அப்போது போங்கள். நம் கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்காது, சென்னையில் பெரிய ஓதத்தின்போதே ஒரு மீட்டரைச் சுற்றித்தான், அதனால் தேட வேண்டிய பட்டையும் குறுகியது. அலை ஏறித் திரும்பும் இடத்தில் நின்று, திரும்புகிற தண்ணீரைக் கவனியுங்கள். மணல் பளபளவென்று இருக்கும் அந்த ஓரிரு விநாடியில், சின்னச் சின்ன ஆப்புகள் படுத்துக்கிடந்து, எழுந்து நின்று, கண்முன்னாலேயே மணலுக்குள் இறங்கிப் போவதைப் பார்க்கலாம்.

இறங்குகிற விதம் கவனிக்கத்தக்கது. முதலில் நீண்ட முன்பக்கத்திலிருந்து தட்டையான, கூரான கால் வெளியே வரும், மணலைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். கீழே போனதும் காலுக்குள் ரத்தம் பாய்ந்து நுனி உப்பும். இப்போது அது நங்கூரம். அடுத்து ஓடு சட்டென்று மூடும், உள்ளே இருந்த தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், அந்த வேகத்தில் சுற்றியுள்ள மணல் இளகும், அதே நேரத்தில் கால்தசைகள் சுருங்கி ஓட்டைக் கீழே இழுக்கும். அப்புறம் ஓடு லேசாக விரிந்து மணலில் முட்டுக்கொடுத்து நிற்க, கால் மறுபடி நீளும். அடுத்த அலை வருவதற்குள் இத்தனையும் முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கடல் உருட்டிக்கொண்டு போய்விடும். முன்பக்கம் ஏன் நீண்டு மெலிந்து இருக்கிறது, பின்பக்கம் ஏன் குட்டை என்ற கேள்விக்கு விடை இதுதான்: புதைகிற முனை அது, மேலே நிற்கிற முனை இது.

புதைந்தபின் இரண்டு குழல்கள் மட்டும் மணல்மட்டத்துக்கு வரும். இரண்டும் தனித்தனிக் குழல்கள், ஒட்டிக்கொண்டிருக்காது. தண்ணீர் உள்ளே போகும் குழலின் வாயில் கிளைவிட்ட சின்ன உணர்நீட்சிகள் ஒரு சல்லடையாக நின்று மணல் துகளைத் தடுக்கும், அலைமண்டலத்தில் வாழ்கிற ஜீவனுக்கு இது இல்லாமல் முடியாது. உள்ளே போன தண்ணீரிலிருந்து மிதவை நுண்பாசியைச் செவுள்கள் வடிகட்டி வாய்க்கு அனுப்பும். டெல்லின் சொந்தக்காரர்களில் பலர் நீண்ட குழலால் மணல் மேலே படிந்திருக்கும் வண்டலைத் துழாவி உறிஞ்சுகிறவர்கள். டோனாக்ஸ் அந்த வழக்கத்தை விட்டுவிட்டு வடிகட்டித் தின்பதற்கு மாறிவிட்டது. எப்போதும் தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கிற இடத்தில் வண்டல் எங்கே படியப்போகிறது?

இந்தக் குடும்பத்தின் பெரிய வித்தை இன்னும் பாக்கி இருக்கிறது. சில சிற்றினங்கள் ஓதத்தோடு சேர்ந்து கரையில் ஏறுகின்றன, இறங்குகின்றன. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் டோனாக்ஸ் வேரியாபிலிஸ் இதில் பேர்போனது. ஏற்றத்தின்போது மணலைவிட்டுத் துள்ளி வெளியே வந்து, வருகிற அலையில் ஏறி, மேலே போய் மறுபடி புதைகிறது. வற்றத்தில் இதே வழியில் கீழே. ஓலாஃப் எல்லர்ஸ் என்ற ஆய்வாளர் 1995 இல் வெளியிட்டதைப் பார்த்தால், வருகிற அலையின் சத்தத்தை மட்டி உணர்ந்துகொள்கிறது, எல்லா அலைக்கும் துள்ளாமல் பெரிய அலையாகப் பார்த்துத் துள்ளுகிறது. கண் இல்லை, காது இல்லை, மூளை என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அலையைத் தேர்ந்தெடுக்கிறது! டோனாக்ஸ் எல்லாமே இப்படிச் செய்வதில்லை, நம் கரையில் நீங்கள் பார்க்கும் கூட்டம் செய்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, நீர் ஏறத் தொடங்கும்போது ஒரு குச்சியை நட்டு வைத்து, மட்டிப்பட்டை குச்சியைத் தாண்டி மேலே வருகிறதா என்று பார்ப்பதுதான். மழைக்காலத்துப் பெரிய அலைகள் மணலையே அரித்துக்கொண்டு போகும் நாட்களில் இதைச் செய்து பார்க்காதீர்கள், பலனும் இல்லை, ஆபத்தும்கூட.

பார்த்த பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், நீங்கள் புதைக்க வேண்டாம், அதுவே போய்க்கொள்ளும்.

ஆண், பெண், வயது, எதிரி

வெளி ஓட்டை வைத்து ஆண் பெண் சொல்ல முடியாது. பால் தனித்தனி, ஆனால் அடையாளம் உள்ளே, இனப்பெருக்கக் காலத்தில் சதையில்தான். மத்தியதரைக் கடலின் டோனாக்ஸ் ட்ரன்குலஸில் பெண்ணின் சினைப்பகுதி நீலம் கலந்த கருநிறமாகவும், ஆணுடையது மஞ்சளாகவும் இருக்கும். இந்த விதியை அப்படியே நம்மூர் சிற்றினத்துக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். முட்டையும் விந்தும் தண்ணீரிலேயே விடப்பட்டு, கரு அங்கேயே உண்டாகி, லார்வா சில காலம் மிதந்து திரிந்து, பிறகு மணலில் இறங்கும். அதனால்தான் போன மாதம் ஒன்றும் இல்லாத கரையில் இந்த மாதம் நகக்கண் அளவுக் குஞ்சுகளாகவே நிறைந்து கிடக்கும்.

ஓட்டின் மேல் தெரியும் வளையங்களை மர வளையம் மாதிரி எண்ணி வயது சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புயல், நன்னீர், முட்டையிடல், பட்டினி எதனால் வளர்ச்சி நின்றாலும் ஒரு வளையம் விழும். இந்தச் சின்ன மட்டிகள் வாழ்வது சில வருடம்தான், வளையமோ அதைவிட நிறைய இருக்கும். ஆய்வாளர்கள் செய்வது வேறு: மாதாமாதம் ஒரே இடத்தில் கூட்டமாக அளந்து, எந்த அளவு மட்டிகள் அதிகமாக இருக்கின்றன, அந்த அளவு மாதத்துக்கு மாதம் எப்படி நகர்கிறது என்று பார்ப்பார்கள். உங்களுக்குப் பொறுமை இருந்தால் நீங்களும் செய்யலாம், கஷ்டமான கணக்கு இல்லை.

உச்சிக்குப் பக்கத்தில் சுத்தமான வட்ட ஓட்டை போட்ட ஓடுகள் நிறையக் கிடைக்கும். மாலை கோர்க்க யாரோ துளை போட்டதில்லை அது. ஓட்டையின் ஓரம் வெளியே அகலமாக, உள்ளே குறுகலாகச் சரிந்திருந்தால் நாட்டிசிடே குடும்பத்து நத்தை துளைத்துத் தின்றது. ஓரம் நேராக இருந்தால் பெரும்பாலும் மியூரிசிடே குடும்பம். இதையும் குறிப்பில் எழுதுங்கள், ஒரு ஓட்டிலிருந்து இரண்டு ஜீவன்களின் பதிவு கிடைக்கிறது.

தின்பது பற்றிக் கேட்பீர்கள். டோனாக்ஸை ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் ருசித்துச் சாப்பிடுகிறார்கள், நம் கரையிலும் மட்டி சாப்பிடும் வழக்கம் உண்டு. ஆனால் மட்டி வடிகட்டித் தின்பது, தண்ணீரில் நச்சுப்பாசி பெருகினால் நஞ்சும் சதையில் சேரும், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 1981 இல் தமிழ்நாட்டில் மட்டி சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாத நஞ்சு ஏறி உயிர் போன சம்பவமே உண்டு. நகரச் சாக்கடை கலக்கும் கரையில் பொறுக்கியதை வாயில் வைக்காதீர்கள்.

பெயரை எழுதுவது

இனி வகைப்பாட்டு ஏணி. மெல்லுடலிகள் தொகுதி, இருவோட்டுச் சிப்பிகள் வகுப்பு, கார்டிடா வரிசை, டெல்லினாய்டியா பெருங்குடும்பம், டோனாசிடே குடும்பம். கல்லூரிப் பழைய புத்தகத்தில் வரிசை என்ற இடத்தில் வெனராய்டா என்று இருந்தால் பதற வேண்டாம், அந்தப் பெரிய வரிசையைப் பின்னால் பிரித்துவிட்டார்கள், இப்போது டெல்லின் கூட்டம் கார்டிடாவில் வருகிறது. குடும்பத்தை நிறுவியவர் ஃபிளெமிங், 1828. டோனாக்ஸ் பேரினம் லின்னேயஸ் வைத்தது, 1758. ஹெக்குபா, இஃபிஜீனியா, லாட்டோனா எல்லாம் ஷூமாக்கர் 1817 இல் வைத்த பெயர்கள்.

எல்லாரும் கடலிலேயே இருக்கிறார்கள் என்றும் இல்லை. இஃபிஜீனியா பேரினம் கழிமுகத்துக்குப் போயிற்று. காலட்டியா என்ற பேரினம் ஆப்பிரிக்க ஆறுகளுக்குள்ளேயே ஏறிவிட்டது. கானா நாட்டின் வோல்ட்டா ஆற்றில் காலட்டியா பாரடாக்ஸா பெரிய அளவில் பிடித்துத் தின்னப்பட்ட மட்டி. 1965 இல் அக்கோசோம்போ அணை வந்தபின் உப்புநீர் ஆற்றுக்குள் ஏறும் தூரம் குறைந்தது, மட்டிப்படுகையும் முகத்துவாரத்தை நோக்கி இறங்கிப்போனது. கடல்குடும்பத்துப் பிள்ளை நன்னீருக்குப் போனாலும் குஞ்சுப் பருவத்துக்குக் கொஞ்சம் உப்பு வேண்டியிருக்கிறது. (செத்த ஓடுகளின் கதையும் உண்டு: ஃபுளோரிடாவில் டோனாக்ஸ் ஓடுகள் இறுகி உண்டான கல்லை வெட்டித்தான் ஸ்பெயின்காரர்கள் 1672 இல் சான் மார்க்கோஸ் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள்.)

பெயர் எழுதும்போது அடைப்புக்குறியைக் கவனியுங்கள். "டோனாக்ஸ் கியூனியேட்டஸ் லின்னேயஸ், 1758" என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், லின்னேயஸ் முதலில் வைத்த பேரினத்திலேயே இன்னும் இருக்கிறது என்று பொருள். "ஹெக்குபா ஸ்கார்ட்டம் (லின்னேயஸ், 1758)" என்று அடைப்புக்குறிக்குள் வந்தால், பெயர் வைத்தவர் வேறு பேரினத்தில் வைத்தார், பின்னால் வந்தவர்கள் மாற்றினார்கள் என்று பொருள். இது அலங்காரம் இல்லை, ஒரு பெயரின் சரித்திரமே அந்த அடைப்புக்குறியில் இருக்கிறது, பலர் இஷ்டத்துக்குப் போடுகிறார்கள், எரிச்சலாக இருக்கும். லாட்டோனாவை டோனாக்ஸுக்குள் ஒரு துணைப்பேரினமாக வைப்பவர்களும் உண்டு, தனிப் பேரினம் என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. தனியாக எடுத்தால் கியூனியேட்டஸ் என்பது கியூனியேட்டா ஆகிவிடும், ஏனென்றால் சிற்றினப் பெயர் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப வால் மாறும். இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி பார்த்தால் இரண்டு ஜீவன் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது எது செல்லும் என்று பார்க்க மொலஸ்காபேஸ் என்ற இணையத் தரவுத்தளம் இருக்கிறது, பழைய பெயரைத் தட்டினால் புதுப் பெயர் வரும்.

உயிரினப் படங்களைப் போட்டு அடையாளம் கேட்கிற ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி இணையதளத்தில் ஏற்றுவதாக இருந்தால் ஒரு ஓட்டுக்கு நாலு படமாவது போடுங்கள்: வெளிப்பக்கம், உட்பக்கம், கீலை மட்டும் நெருக்கத்தில், மேலிருந்து நார் தெரிகிற மாதிரி ஒன்று, எல்லாவற்றிலும் பக்கத்தில் ஸ்கேல். வெளிப்பக்கப் படம் மட்டும் போட்டால் எந்த நிபுணராலும் அடாக்டோடியாவா டோனாக்ஸா என்று சத்தியம் செய்ய முடியாது. சிற்றினம் உறுதி இல்லையென்றால் "டோனாக்ஸ், சிற்றினம் தெரியவில்லை" என்று நிறுத்திக்கொள்ளலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை, தவறான முழுப்பெயரைவிட அது ஆயிரம் மடங்கு பயன்படும்.

கடைசியாகச் சீட்டு. ஊர், கரையின் பெயர், தேதி, நீர் ஏற்றமா வற்றமா, உயிரோடா செத்ததா, எந்தப் பக்க ஓடு, மூன்று அளவு, எடுத்தவர் பெயர். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். சீட்டை ஓட்டோடு அதே பைக்குள் போடுங்கள். பைக்கு வெளியே ஒட்டினால் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு எந்தப் பை எந்த ஊர் என்று தெரியாது.